பின்வளவில் நாலு கஞ்சாக் கண்டு: கனடாவில் எந்த ஊருக்கு எந்த விதை, எந்த மண்?

தாங்ஸ்கிவிங் வார இறுதி, இங்கே அது ஒக்ரோபரில் வரும். ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்ற நாலு செடியில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். பெரிய பூங்கொத்தின் நடுவில் ஒரேயொரு இலை மட்டும் பழுத்திருந்தது. இழுத்தேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. கொத்தை விரலால் பிளந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம், தண்டு சொதசொதவென்று. அன்றைக்கு மத்தியானத்துக்குள் நாலு செடியும் குப்பைப் பையில். ஐந்து மாத உழைப்பு.

அடுத்த வருடம் மண் காலை வாரியது. மூன்றாம் வருடம்தான் ஒழுங்காக ஏதோ வீட்டுக்குள் வந்தது. அந்த மூன்று வருடத்தில் கற்றதையும், வன்கூவர் பக்கம் சரேயில் இருக்கும் மச்சானும் கல்கரியில் இருக்கும் தம்பியும் தங்கள் வளவுகளில் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலே ஒன்று. இது கனடாவுக்கு மட்டும். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா பயிரிட்டால் பத்து ஆண்டு வரை கடுங்காவல். இலங்கையிலும் குற்றம்தான். ஊரில் இருந்து வாசிப்பவர்கள் இதைப் பார்த்து எதையும் ஊன்றிவிடாதீர்கள்.

1. மண்வெட்டிக்கு முன் கடதாசி

2018 ஒக்ரோபர் 17 முதல் கனடாவில் ஒரு வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம். ஆளுக்கு நாலு அல்ல, வீட்டுக்கு நாலு. மேலே நீங்கள், கீழே பேஸ்மன்ட்டில் வாடகைக்கு ஒரு குடும்பம், ஒரே பின்வளவு என்றால் யாருடைய நாலு என்ற கேள்வி வரும். அந்தக் கணக்கைப் பொலிஸுக்கு விளக்கும் நிலைமைக்குப் போகாமல், வளவில் மொத்தமே நாலுக்குள் நில்லுங்கள்.

மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு. கியூபெக்கில் வீட்டில் வளர்ப்பதே கூடாது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையைச் சரியென்று சொல்லிவிட்டது. மானிடோபாவில் 2025 மே மாதம்தான் தடை நீங்கியது. நியூ பிரன்ஸ்விக்கில் வெளியே வளர்ப்பதென்றால் 1.52 மீற்றர் உயர அடைப்பும் பூட்டும் வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தெருவில் போகிறவர் கண்ணில் செடி படக்கூடாது; வீட்டில் பிள்ளை பராமரிப்பு நடத்துகிறவர்கள் வளர்க்கவே கூடாது. வயது பெரும்பாலான மாகாணங்களில் 19, அல்பேர்ட்டாவில் 18. இவற்றுக்கு மேல் உங்கள் நகராட்சியின் துணைவிதி ஒன்றும் இருக்கலாம். நகராட்சியின் 311 இலக்கத்துக்கு ஒருமுறை அடித்துக் கேளுங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: விதை வாங்கிய ரசீது (அனுமதி பெற்ற கடையில் வாங்கிய விதையாக இருக்க வேண்டும், அதற்குச் சாட்சி ரசீதுதான்), வாடகை வீடென்றால் சொந்தக்காரரின் எழுத்து மூலமான சம்மதம், கொண்டோ அல்லது டவுன்ஹவுஸ் என்றால் அந்தக் கழகத்தின் விதிப்புத்தகம். வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். என் சிநேகிதர் ஒருவர் "வாயால் ஓம் எண்டு சொன்னவர்" என்று நம்பி நட்டார். யூலையில் வீட்டுக்காரர் மனம் மாறினார். லீஸில் தடை இருந்தது. செடியைப் பிடுங்கியதுதான் மிச்சம்.

மருத்துவத் தேவைக்கு நாலுக்கு மேல் வேண்டுமென்றால் மத்திய அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவில் தனியாகப் பதிய வேண்டும். மருத்துவரின் ஆவணம் வேண்டும், கட்டணம் இல்லை, ஆனால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். மாசி (பெப்ரவரி) மாதமே அனுப்பாவிட்டால் அந்தக் கோடை போய்விடும். வெளியே வளர்ப்பதென்றால் நாளுக்கு 1 கிராம் அளவுக்கு 2 செடி என்று கணக்கு. வளவின் எல்லை பள்ளிக்கூடத்தையோ பிள்ளைகள் விளையாடும் பூங்காவையோ தொட்டால் வெளியே வளர்க்க அனுமதி இல்லை.

இன்னும் குடியுரிமை எடுக்காதவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள். அளவுக்கு மேல் பயிரிடும் குற்றத்துக்குச் சட்டத்தில் உள்ள உச்சத் தண்டனை 14 ஆண்டு. ஐந்து, ஆறு செடி என்றால் ஒரு அபராத டிக்கெட்டோடு முடியலாம், முடியாமலும் போகலாம். வழக்காகித் தீர்ப்பு வந்தால், குடிவரவுச் சட்டம் உங்களுக்குக் கிடைத்த தண்டனையை மட்டும் பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்துக்கு உச்சம் எவ்வளவு என்று பார்க்கும். 10 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் அது பாரதூரமான குற்றம். நிரந்தர வதிவுரிமையே ஆட்டம் காணும். ஐந்தாவது கண்டு சும்மா முளைத்தாலும் பிடுங்கி எறியுங்கள்.

2. உங்கள் ஊர் செப்டெம்பரைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் கோடை எவ்வளவு சூடு என்று பார்க்கிறார்கள். சூடு எல்லா இடத்திலும் போதும். பயிரை வெல்ல வைப்பதும் தோற்க வைப்பதும் செப்டெம்பரும் ஒக்ரோபரின் முதல் பாதியும்தான். அந்த நாட்களில் உங்கள் ஊரில் உறைபனி முந்துமா, மழை முந்துமா, வெயில் நிற்குமா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு விதைக்குக் காசு கொடுங்கள்.

செடி விற்கும் நேற்சரியில் கேட்டால் "நீங்கள் ஆறாம் வலயம்" என்று ஒரு இலக்கம் சொல்வார்கள். நானும் முதல் வருடம் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இலக்கம் மரமும் செடியும் குளிர்காலத்தைத் தாங்குமா என்று சொல்வதற்கானது. கஞ்சா ஒரே பருவத்தில் முடியும் பயிர், அதற்குக் குளிர்காலமே கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி வசந்த உறைபனிக்கும் முதல் இலையுதிர் உறைபனிக்கும் இடைப்பட்ட நாட்கள். மத்திய அரசின் வானிலைத் துறை ஊர்வாரியாக நீண்டகாலச் சராசரியை இலவசமாகப் போட்டிருக்கிறது.

ரொறன்ரோவும் ஏரிக்கரையும்: மே முதல் பாதியில் உறைபனி ஓய்ந்தால் ஒக்ரோபர் நடுப்பகுதி வரை பெரும்பாலும் பயமில்லை. ஒன்டாரியோ ஏரி சூட்டைப் பிடித்து வைத்திருந்து இலையுதிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஆனால் அதே ஏரிதான் ஈரத்தையும் தருகிறது. செப்டெம்பர் இரவுகளில் விழும் பனித்துளி காலை பத்து மணி வரை காயாது. என் முதல் வருடச் செடிகள் அழுகியது இதனால்தான். மதில் ஓரம், காற்றோட்டமில்லாத மூலை வேறு. ஏரியை விட்டு வடக்கே போகப் போக உறைபனி முந்தும். ஒட்டாவாவில் செப்டெம்பர் கடைசியிலேயே வரலாம்.

வன்கூவர், சரே, ரிச்மண்ட்: உறைபனி நவம்பர் வரை தலைகாட்டாமல் இருக்கலாம். அதைக் கேட்டு மச்சான் மிகவும் சந்தோசப்பட்டார். வன்கூவரில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் மாசி வரை. கோடை காய்ந்து கிடக்கும், பூ முற்றும் நேரம் பார்த்து வானம் திறக்கும். மேலே தெளிவான பிளாஸ்டிக் தகட்டுக் கூரை போடாமல் அங்கே பின்தங்கிப் பூக்கும் இனத்தைத் தொடவே கூடாது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதியில் ஒக்கனகன் பள்ளத்தாக்கு, அதிலும் ஒசோயூஸ் பக்கம்: நாட்டிலேயே இதற்கு நல்ல இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வருட மழை 350 மில்லிமீற்றரைத் தாண்டுவது அரிது, செப்டெம்பர் வறண்டு வெயிலாக நிற்கும். திராட்சைக்காரர்கள் அங்கே சும்மா போய் இருக்கவில்லை. பிரச்சினை தண்ணீர். கோடையில் 35 பாகைக்கு மேல் போகும் நாட்களில் கறுப்புத் தொட்டியில் வேர் வெந்துவிடும். காலையும் மாலையும் ஊற்ற வேண்டும், நகராட்சி நீர்க்கட்டுப்பாடும் அப்போதுதான் வரும். காட்டுத்தீப் புகை இன்னொரு தலைவலி. சாம்பல் படிந்த பூவைக் கழுவித் துடைக்க முடியாது.

வின்னிபெக்: மே கடைசி வாரம் முதல் செப்டெம்பர் 20 சுற்று வரை. அதற்குள் முடிகிற விதை என்றால் வெயிலும் வறண்ட காற்றும் நல்ல துணை.

கல்கரி: கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல். செப்டெம்பர் நடுவிலேயே உறைபனி, கோடை இரவிலும் குளிர். எல்லாவற்றுக்கும் மேல் ஆலங்கட்டி. 2024 ஆகஸ்ட் 5 அன்று விழுந்த ஆலங்கட்டியில் விமான நிலையக் கூரையே சேதமானது. தம்பியின் செடிகளில் நெட்டுத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. அங்கே இருப்பவர்கள் தூக்கி உள்ளே வைக்கக்கூடிய தொட்டியில் வையுங்கள், அல்லது மேலே ஆலங்கட்டி வலை கட்டுங்கள்.

ஹலிஃபக்ஸ்: ஒக்ரோபர் வரை குளிர் தாமதிக்கும், ஆனால் மூடுபனி, மழை, செப்டெம்பரில் சூறாவளியின் வால். கரையை விட்டு உள்ளே, அனபோலிஸ் பள்ளத்தாக்குப் பக்கம் நிலைமை நன்று.

3. பகல் நீளத்தைக் கணக்குப் போட்டு விதை வாங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் பகல் நீளம் என்ற ஒன்று பயிர்ச்செய்கையில் உண்டென்றே எனக்குத் தோன்றியதில்லை. இங்கே அதுதான் எல்லாம்.

சாதாரணக் கஞ்சா இனம் பகல் சுமார் 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பூக்கத் தொடங்கும். இனத்துக்கு இனம் கொஞ்சம் முன்பின் மாறும். ரொறன்ரோவில் அது ஆகஸ்ட் நடுப்பகுதி. கல்கரியும் எட்மன்டனும் இன்னும் வடக்கே இருப்பதால் கோடைப் பகல் அங்கே நீளம், ஆகஸ்ட் கடைசி வாரம் வரை செடி பூக்கும் யோசனையே இல்லாமல் நிற்கும். பூ முற்ற எட்டு ஒன்பது வாரம். கூட்டிப் பாருங்கள்: ரொறன்ரோவில் ஒக்ரோபர் நடுப்பகுதி, எட்மன்டனில் ஒக்ரோபர் கடைசி. எட்மன்டனில் அதற்குள் பனியே கொட்டிவிடும்.

ஆகவே கல்கரி, எட்மன்டன், வின்னிபெக், ஒட்டாவாவுக்கு வடக்கே இருப்பவர்கள் யோசிக்காமல் தானாகப் பூக்கும் இனத்தை வாங்குங்கள். பெட்டியில் ஓட்டோஃபிளவர் என்று போட்டிருக்கும். அது பகலைப் பார்க்காது, வயதைப் பார்க்கும். முளைத்துப் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். மே கடைசியில் வைத்தால் ஆகஸ்ட் நடுவில் அறுவடை. செடி சிறிது, விளைச்சலும் குறைவு, ஆனால் கைக்கு வந்து சேரும். சரேயில் மச்சானும் இப்போது இதற்கு மாறிவிட்டார். மழைக்கு முன் வேலை முடிகிறது. ரொறன்ரோ, ஹமில்டன், வின்சர் பக்கம் இருப்பவர்கள் முந்திப் பூக்கும் சாதாரண இனத்தையும் வைத்துப் பார்க்கலாம். நான் இரண்டு இரண்டாகப் பிரித்து வைக்கிறேன்.

பெண் விதை என்று குறிக்கப்பட்டதையே வாங்குங்கள். ஆண் செடி ஒன்று நின்றால் போதும், மற்ற மூன்றும் விதையாகக் காய்த்துவிடும்.

4. மண்: தோண்டிப் பார்க்காமல் நட வேண்டாம்

அப்பாவின் தோட்டம் சுன்னாகத்துச் செம்பாட்டு மண். புகையிலைக்கு எவ்வளவு இறைத்தாலும் பாத்தியில் தண்ணீர் நிற்காது, கீழே சுண்ணாம்புக்கல், உறிஞ்சிக் குடித்துவிடும். அந்தப் பழக்கத்தில் ரொறன்ரோவில் என் ஸ்காபரோ வளவிலும் ஒரு குழி தோண்டி, பசளை போட்டு நட்டேன். இரண்டாம் வருடம் யூலையில் நாலு நாள் மழை. கீழிலை மஞ்சள், பிறகு நடுவிலை மஞ்சள். தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, சாக்கடை மணம். களிமண் குழி ஒரு சட்டி மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது.

நடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஓரடி ஆழத்தில் குழி தோண்டி நிரம்பத் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரம் கழித்து அளவு பாருங்கள். ஒரு அங்குலமாவது இறங்கியிருந்தால் அந்த நிலத்தில் நடலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், எனக்கு நின்றது போல, நிலத்தை விட்டுவிட்டுத் தொட்டிக்குப் போங்கள்.

ஊர்வாரியாக இப்படி: ரொறன்ரோ, பிரம்டன் பக்கம் பெரும்பாலும் களி. மார்க்கம், ஏஜக்ஸ் போன்ற இடங்களின் புது வீடுகளில் இன்னும் மோசம். கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்து, கனரக வாகனம் ஏறி இறுகிய அடிமண்ணின் மேல் ஒரு கையகலத்துக்கு மட்டும் திரும்பப் பரப்பிப் புல் விரிக்கிறார்கள். தெற்கு ஒன்டாரியோவின் நோர்ஃபோக் பக்கம் மணல், ஒருகாலத்தில் புகையிலை விளைந்த பூமி. வடியும், ஆனால் பசளையும் சேர்ந்து வடியும். வின்னிபெக்கின் ஆற்றுப் பள்ளத்தாக்குக் களி ஈரத்தில் சப்பாத்தைப் பிடுங்கும், காய்ந்தால் வெடிக்கும். சமவெளி மாகாணங்களின் கறுப்பு மண் வளமானது, ஆனால் பல இடங்களில் சுண்ணாம்பு கூட. இலை நரம்பு பச்சையாக நின்று இடைவெளி மஞ்சளானால் இரும்புச் சத்தை மண் விடவில்லை என்று அர்த்தம். சரே, டெல்டா பக்கம் மழை கழுவிக் கழுவி மண் புளித்துப்போயிருக்கும். புளூபெரி அங்கே செழிப்பது அந்தப் புளிப்பினால்தான், கஞ்சாவுக்கு அது ஆகாது. இலையுதிர்காலத்திலேயே சுண்ணாம்புத் தூள் போட வேண்டும். பிரின்ஸ் எட்வேர்ட் தீவின் சிவப்பு மண்ணைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது, நம்முடைய செம்பாட்டு மண் மாதிரியே. நிறம் இரண்டிலும் இரும்பினால் வந்தது. அதுவும் புளிப்பு மண், உருளைக்கிழங்குக்கு உகந்தது.

மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 6 முதல் 7 வரை இருக்க வேண்டும். கடையில் விற்கும் ஊசிக்கருவியை நம்பாதீர்கள், ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது ஈயத்தையும் கட்மியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கஞ்சா மண்ணிலுள்ள பார உலோகங்களை உறிஞ்சி உடம்பில் சேர்க்கும் செடி. பழைய வீடுகளின் சுவரோரம் உதிர்ந்த ஈயப் பெயின்ற் மண்ணோடு கலந்திருக்கும். கராஜுக்குப் பின்பக்கம், பழைய எண்ணெய் ஊற்றிய இடம், பெருந்தெரு ஓரம், இவற்றில் வைக்கவே வேண்டாம்.

5. செலவு

நான் தொட்டிக்கு மாறியபின் ஒரு பருவத்துக்கு ஆனது ஏறக்குறைய இவ்வளவு. நாலு விதை 50 டாலர். 15 கலன் துணித் தொட்டி நாலு, 50 டாலர். அவற்றை நிரப்ப 230 லீற்றர் மண்கலவை வேண்டும். தண்ணீர் வடியக் கலக்கும் பேர்லைட் என்ற வெள்ளைத் துகளோடு சேர்த்து 100 டாலர். மாட்டெருக் கொம்போஸ்ட் 20. மண் ஆய்வு 40 முதல் (தொட்டிக்குப் போனால் இது மிச்சம்). படலைக்குப் பூட்டும் கொளுவியும் 30. இரண்டாம் வருடம் தொட்டியும் பூட்டும் இருக்கும், கலவையைப் புதுப்பித்தால் போதும்.

பூட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். செப்டெம்பரில் மணம் மதிலைத் தாண்டும். பக்கத்து வீட்டு அன்ரி "தம்பி, உங்கட வளவுக்க ஏதும் செத்துக் கிடக்கோ?" என்று கேட்டார். அவருக்கு விளங்காதது விடலைப் பெடியளுக்கு நல்லாய் விளங்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பூட்டு கட்டாயமே கட்டாயம்.

6. நாட்காட்டி

இது ரொறன்ரோவுக்கு. மற்ற ஊர்க்காரர் இரண்டாம் பகுதியைப் பார்த்து நகர்த்திக்கொள்ளுங்கள்.

மாசி: வீட்டுக்காரர், காப்புறுதி, நகராட்சிக் கடிதங்கள். பங்குனி (மார்ச்): விதை வாங்குவது, நல்ல இனங்கள் ஏப்ரலுக்குள் தீர்ந்துவிடும். ஏப்ரல் நடு: சாதாரண இனத்தை உள்ளே முளைக்க வைப்பது, யன்னல் வெளிச்சம் போதாது, சின்ன எல்.ஈ.டி. விளக்கு வேண்டும். தானாகப் பூக்கும் இனத்துக்கு இந்த அவசரம் வேண்டாம். இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும், மே கடைசியில் நேரே கடைசித் தொட்டியிலேயே ஊன்றுங்கள்.

மே: கண்டுகளை ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வைத்துப் பழக்கி, விக்ரோரியா நாள் வார இறுதிக்குப் பிறகு நிரந்தரமாக வெளியே. அதற்கு முன் வரும் இரண்டு சூடான நாளைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஆகஸ்ட்: பூ தொடங்கியதும் உள்ளிலைகளைக் கழித்துக் காற்று போக வழி செய்யுங்கள், தலைக்கு மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். செப்டெம்பர்: தினமும் காலையில் ஒவ்வொரு கொத்தையும் பாருங்கள். ஒற்றைப் பழுத்த இலை தெரிந்தால் அந்தக் கொத்தை மட்டும் நல்ல பாகம் வரை வெட்டி, பையில் போட்டுக் கட்டி, வளவுக்கு வெளியே போடுங்கள். கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஐந்து நாள் தொடர் மழை என்று முன்னறிவிப்பு வந்தால் முற்றாவிட்டாலும் வெட்டிவிடுங்கள். நான் "இன்னும் ஒரு கிழமை" என்று காத்திருந்துதான் முதல் வருடத்தைத் தொலைத்தேன்.

7. அறுவடைக்குப் பிறகு மாட்டிக்கொள்ளும் இடங்கள்

விற்கக் கூடாது, ஒரு டாலருக்கும். வயது வந்த நண்பருக்கு 30 கிராம் வரை சும்மா கொடுக்கலாம். வெளியில் கொண்டுபோகும்போதும் 30 கிராம்தான் எல்லை. ஒரு விதையே 1 கிராமாகக் கணக்கிடப்படும். பூத்த செடியைத் தொட்டியோடு காரில் வைத்து நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோவது குற்றம். பியூட்டேன் போன்ற எரியும் கரைப்பானால் எண்ணெய் பிரிப்பதும் குற்றம், வீடு எரிந்தும் போகும்.

எல்லை தாண்டவே கூடாது. நயாகராவில் பாலத்தைக் கடந்து அமெரிக்கா போகும்போது காரில் ஒரு துணுக்கு இருந்தாலும், அந்தப் பக்கம் மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும், அது கடத்தல்தான். அறுவடைக்குப் போட்ட ஜக்கெற்றை உதறித் தோய்க்காமல் பயணத்துக்குப் போடாதீர்கள். மோப்ப நாய்க்கு ரசீது காட்ட முடியாது. சென்னைக்கோ கொழும்புக்கோ வெளிக்கிடும்போது பயணப்பெட்டியின் ஒவ்வொரு பையையும் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். என் பழைய முதுகுப்பையின் பக்க உறையில், காய்ந்துபோன இலை ஒன்று இரண்டு வருடமாகக் கிடந்தது.